வெள்ளிக்கிழமை மூணு மணி: ஏரிக்கரைப் பள்ளியின் பின்கட்டில் ஒரு எட்டு!

முன்வாசல் வேண்டாம், வாருங்கள், பின்பக்கமாகப் போவோம்! கொடிக்கம்பம், காலை வழிபாடு, கரும்பலகைத் திருக்குறள் எல்லாம் எல்லாரும் பார்த்ததுதான். ஓர் அரசுப் பள்ளி உள்ளே எப்படி ஓடுகிறது என்பதைத்தான் இன்றைக்கு எட்டிப் பார்க்கப்போகிறோம். யார் கேட்டால் குழாய் வருகிறது, யார் கையெழுத்துப் போட்டால் பணம் வருகிறது, யார் வீட்டு வாசலில் போய் நின்றால் ஒரு வாரமாக வராத பையன் மறுநாள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான்? சிலருக்குப் படப்பிடிப்பு பார்க்க ஆசை. எனக்குத் தீர்மானப் பதிவேடு புரட்ட ஆசை. என்ன செய்ய, அப்படி ஒரு கோளாறு!

இடம், காஞ்சிபுரம் மாவட்டம், தென்னேரிப் பக்கம். மழை நன்றாகப் பெய்த வருஷம் கரைமேல் ஏறி நின்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். தொண்டைமான் இளந்திரையன் வெட்டிய ஏரி என்று ஊரில் சொல்வார்கள். ஏரிக்குக் கீழே நெல் வயல். சுற்று வட்டாரத்தில் பட்டுத் தறி. விடிந்தால் ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் ஆள் ஏற்றிப் போகிற கம்பெனி பஸ்கள். பள்ளியின் பெயர் கேட்காதீர்கள். அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் ஒன்று, அவ்வளவுதான்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூணு மணி. ஒன்றாம் வகுப்பு அறை. பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, அவர்களுடைய குட்டை பெஞ்சுகளில் அம்மாக்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சுவரில் அரும்பு, மொட்டு, மலர் என்று 'எண்ணும் எழுத்தும்' குழுக்களின் பெயர் ஒட்டிய அட்டைகள். மேசையில் கோடு போட்ட நீள நோட்டு, ஒரு பாக்கெட் பிஸ்கட், ஃபிளாஸ்க்கில் டீ. இதுதான் பள்ளி மேலாண்மைக் குழு. பேச்சு வழக்கில் எஸ்.எம்.சி.

அன்றைய விவகாரம், கழிப்பறைச் சாவி.

சிரிக்காதீர்கள், விஷயம் பெரிது! தண்ணீர் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, தொட்டி நிறைகிறது. ஆனால் கழிப்பறைக் கதவு திறப்பது ஒன்பதரைக்கு மேல். சாவி பெரிய டீச்சரிடம், அதாவது தலைமையாசிரியரிடம். பிள்ளைகளோ காலை உணவுக்காக எட்டு மணிக்கே வந்துவிடுகிறார்கள். நடுவில் ஒன்றரை மணி நேரம் பெண் குழந்தைகள் என்ன செய்வார்கள்? தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவார்கள். இதைச் சொன்னது எந்த ஆய்வுக் குழுவும் அல்ல, நாலாம் வகுப்புச் சிறுமியின் அம்மா.

பெரிய டீச்சர் பதில் சொல்லத் தொடங்கினார். பஸ் வருகிற நேரம், வாட்ச்மேன் பணியிடம் இல்லாதது, சாவி தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியது யார்... பட்டியல் நீண்டது. மூலையிலிருந்து ஒரு குரல்.

"நான்தான் ஆறு மணிக்கே வந்து அடுப்பு பத்த வைக்கிறேனே டீச்சர். எங்கிட்ட குடுத்துடுங்களேன். ரவை வறுக்கறதுக்குள்ள நாலு கதவு தொறக்க முடியாதா?"

காலை உணவு சமைக்கிற மகளிர் சுய உதவிக் குழு அக்கா! அறையில் ஒரு நொடி அமைதி, அடுத்த நொடி சிரிப்பு. ஏன் இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லை? சாவி என்பது பதவியோடு ஒட்டிக்கொண்ட பொருள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அதனால்தான். பெரிய டீச்சர் முகத்தைப் பார்த்தேன். அதிகாரம் பறிபோன வருத்தமா? ம்ஹூம்! ஒரு பாரம் இறங்கிய முகம். "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று நோட்டில் ஏறியது. ஒரு சாவிக்கு ஏகமனது!

இந்தக் குழுவின் சட்டப் பின்னணி கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இப்படி ஒரு குழு வேண்டும் என்கிறது. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த பிரிவு, பள்ளிக்கு எது தேவை என்று மேம்பாட்டுத் திட்டம் போடுகிற வேலையையும் இவர்கள் கையில்தான் கொடுக்கிறது. ஆனால் பல வருஷம் இது பதிவேட்டில் மட்டும் வாழ்ந்த குழு. தலைமையாசிரியர் நாலு பேரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினால் கூட்டம் நடந்ததாக அர்த்தம். 2022-இல் 'நம் பள்ளி நம் பெருமை' என்று பெயர் வைத்து, தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டி, தேர்தல் மாதிரி நடத்தி, 20 பேர் கொண்ட குழுக்களை அமைத்தார்கள். தலைவர் பதவி ஓர் அம்மாவுக்கு. 2024-இல் மறுபடி அமைத்தபோது எண்ணிக்கை 24 ஆனது, முன்னாள் மாணவர்களும் உள்ளே வந்தார்கள்.

சரி, பணம்? வாருங்கள், இன்னும் கொஞ்சம் பின்கட்டுக்குள் போவோம்!

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டு மானியம் உண்டு. பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத் தொகை. 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. பெரிய பணம் இல்லை. சாக்பீஸ், துடைப்பம், பல்பு, உடைந்த ஜன்னல் கொக்கி, இதிலேயே கரைந்துவிடும். ஆனால் இதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு என்று விதி. அந்தப் பங்கில் பினாயில் வாங்கியதா இல்லையா என்று ஓர் அம்மா கேட்கிறபோது கூட்டத்தின் சூடே வேறு. மானியத்தை எதற்குச் செலவிட்டோம் என்று தலைமையாசிரியர் இந்தக் குட்டை பெஞ்சுகளுக்கு முன்னால்தான் சொல்லியாக வேண்டும். வாழ்நாளில் எந்த அரசுக் காகிதத்திலும் பயனாளியாக மட்டுமே கையெழுத்துப் போட்ட ஒருவர், முதல்முறையாக 'தலைவர்' என்ற சொல்லுக்கு மேலே கையெழுத்துப் போடுகிற இடம் அந்த நோட்டு. இந்தத் தலைவி பேனாவை இரண்டு தடவை உதறிவிட்டு, இன்ஷியலோடு முழுப் பெயரையும் எழுதினார். மெதுவாக. யாரும் அவசரப்படுத்தவில்லை.

தலைமையை இப்படிப் பங்கு போடுவதைப் பற்றி வெளிநாட்டிலே பெரிய பெரிய புத்தகம் எல்லாம் இருக்கிறது. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஸ்பில்லேன் என்ற கல்வியாளர், சிகாகோ பள்ளிகளைக் கவனித்து, தலைமை என்பது ஒரு நாற்காலியில் இல்லை, வேலை நடக்கும்போது ஆட்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கிறது என்கிற ரீதியில் எழுதினார். நல்ல புத்தகம்தான். ஆனால் சிகாகோ வரை ஏன் போக வேண்டும்? பாலாற்றைத் தாண்டினால் உத்திரமேரூர்!

அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய கல்வெட்டுகள். ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிந்திருக்கிறது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது அல்லவா! அப்படி வருகிறவர்கள் ஆண்டு வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. பதவிக் காலம் 360 நாள். ஏற்கெனவே வாரியத்தில் இருந்தவர் மூன்று வருஷம் ஒதுங்கியிருக்க வேண்டும். கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவர் உறவுக்காரர்களுக்கும் குடத்தில் இடமே இல்லை.

உடனே பெருமைப்பட்டுக் கிளம்பிவிட வேண்டாம். அது பிராமணர் சபை. சொந்த நிலமும் வீடும் உள்ள, வேதம் தெரிந்த, 35 முதல் 70 வயது வரையுள்ள ஆண்கள். இன்றைக்கு ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கும் அந்தக் குடத்தில் ஓலை இருந்திருக்காது. எனக்கு அந்தக் கல்வெட்டில் பிடித்தது குலுக்கல் இல்லை. ஏரிக்குத் தனிக் குழு, தோட்டத்துக்குத் தனிக் குழு, காலம் முடிந்தால் இறங்கு, கணக்கைக் காட்டு என்கிற கறார். அதிகாரத்தைப் பங்கு போட்டால் மட்டும் போதாது, வேலையையும் பங்கு போட வேண்டும் என்று அந்தச் சுவரை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு அண்டை வீட்டுக் கதையும் இருக்கிறது, இதை விட்டால் என் தலை வெடித்துவிடும். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து நெய்யாடுபாக்கத்தில் 1912-இல் பிறந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. காமராசர் ஆட்சியில் பொதுக் கல்வி இயக்குநர். இயக்குநரால் எத்தனை பள்ளிக்குத்தான் கரும்பலகை வாங்கித் தர முடியும்? 1958-இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில், பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன இல்லை என்று ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் முதலில் பட்டியல் போடுவார்கள். கடிகாரம், பெஞ்சு, நாற்காலி, வரைபடம், சுற்றுச்சுவர், கூடுதல் அறை. பட்டியலோடு ஊரைக் கூட்டுவார்கள். ஊர் தனக்கு முடிந்ததை எடுத்துக்கொள்ளும். ஒருவர் மனை கொடுப்பார், ஒருவர் மணல் அடிப்பார், ஒருவர் சாப்பாட்டுத் தட்டு. முடித்த வேலையை மாநாட்டில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அங்கிருந்து அது மாநிலம் முழுக்கப் பரவியது. அதற்கு முன்பே, 1956-இல், மதிய உணவே ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசி பருப்பில்தான் தொடங்கியது. அரசுப் பணம் சேர்ந்தது அடுத்த வருஷம்.

அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வித்தியாசம், சொல்லியே ஆக வேண்டும். அன்று பள்ளிக்குக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கொடுக்க இருந்தவர்கள், ஊர்ப் பெரியவர்கள். இன்று குழுவில் இருப்பவர்கள் பள்ளியை நம்பியே இருக்கிறவர்கள். கொடுக்கிற கைக்கு நன்றி சொல்லலாம், கேள்வி கேட்கிற வாய்க்குப் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவது எனக்கு ரொம்பவே பிடிக்கிறது.

இனி ஆசிரியர்கள் பக்கம். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முயற்சியில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ரிஷி வேலி பள்ளியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கற்றல் அட்டைகளைத் தயார் செய்தவர்கள் வகுப்பு எடுக்கிற ஆசிரியர்களே. நாலைந்து வருஷத்தில் அது மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் போனது. போன பிறகு என்ன ஆனது? அட்டை செய்தவர்களுக்கு அது தங்கள் பிள்ளை. அட்டை வந்து சேர்ந்தவர்களுக்கு அது இன்னோர் உத்தரவு. இந்த வட்டாரத்து ஆசிரியர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், இந்த வித்தியாசத்தை ஒரு நிமிஷத்தில் விளக்கிவிடுவார்.

குறுவள மையக் கூட்டம் என்று ஒன்று உண்டு, சனிக்கிழமை. சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு பள்ளி ஆசிரியர்கள் ஒரு பள்ளியில் கூடுவார்கள். மேடையில் கருத்தாளர் பேசுவார். கருத்தாளரும் நேற்று வரை பக்கத்துப் பள்ளியில் மூணாம் வகுப்பு எடுத்தவர்தான். காலையில் ஸ்லைடு ஓடுகிறது, எல்லாரும் தலையாட்டுகிறார்கள். உண்மையான பள்ளிக்கூடம் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸ் திறக்கும்போது தொடங்குகிறது! "எம் பசங்க கடன் வாங்கிக் கழிக்கிறதுல மாட்டுறாங்க, நீங்க எப்படி பண்றீங்க டீச்சர்?" உடனே ஒருவர் புளியங்கொட்டையை மேசையில் கொட்டிக் காட்டுகிறார். பத்தை ஒரு கட்டாகக் கட்டி, அவிழ்த்து, கடன் கொடுத்து... நாலு பேர் சாம்பார் சாதத்தை மறந்துவிட்டு வீடியோ எடுக்கிறார்கள். ஸ்லைடில் இல்லாத ஒன்று அன்றைக்கு நாலு பள்ளிக்குப் போகிறது.

மேலே மாவட்டத்தில்? அங்கே நாற்காலிகள் அடிக்கடி இடம் மாறும். 2018-இல் அரசாணை 101 வந்து, தொடக்கக் கல்விக்கென்று தனியாக இருந்த மாவட்ட அதிகாரிகளை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் முதன்மைக் கல்வி அலுவலரின் கீழ் கொண்டுவந்தது. 2022-இல் அரசாணை 151 வந்து, தொடக்கக் கல்விக்குத் தனி மாவட்டக் கல்வி அலுவலரை மறுபடி கொடுத்தது. நடுவில் 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது வேறு. விடுப்பு விண்ணப்பத்தை எந்த ஆபீசில் கொடுப்பது என்று ஆசிரியர்கள் தலையைச் சொறிந்த காலம் அது. பங்கு போடுவதா, ஒரே கையில் வைப்பதா என்று அரசே நாலு வருஷத்தில் மனசை மாற்றிக்கொண்டது என்றால், ஒரு தலைமையாசிரியர் சாவியைக் கொடுக்கத் தயங்கியதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பிள்ளைகளை மறந்துவிட்டோமே! 2024 நவம்பர் 14-இல் 'மகிழ் முற்றம்' வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பள்ளிக்குள்ளே ஐந்து அணிகள், அணிக்குத் தலைவர்கள், பொறுப்பாசிரியர்கள். ஏரிப் பாசன ஊரில் 'மருதம்' கிடைத்த பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. 'பாலை' சீட்டு எடுத்த ஒரு வாண்டு, "எனக்கு வேற குடுங்க சார், அங்க தண்ணி இல்ல" என்று அழுதே விட்டது! அந்த அணிக்குத்தான் இப்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பு. திட்டமிட்டுச் செய்தார்களா தெரியாது, ஆனால் யோசித்தவருக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுக்கலாம்.

இவ்வளவு குதூகலத்துக்கு நடுவே எனக்கு உறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு யாரால் வர முடியும்? ஒரகடத்தில் ஷிஃப்ட்டில் நிற்கிற அப்பாவால் முடியாது. நூறு நாள் வேலைக்குப் போன அம்மாவும் ஓடித்தான் வர வேண்டும். தறியில் இருப்பவர் எழுந்தால் அன்றைய கூலி குறையும். 24 பேர் குழுவில் அன்றைக்கு வந்தவர்கள் பாதிதான். போதாததற்கு, என்ன பேச வேண்டும் என்ற கூட்டப்பொருளும் சென்னையிலிருந்து சுற்றறிக்கையாக வருகிறது. 'உங்கள் பள்ளியை நீங்களே நடத்துங்கள், கீழ்க்கண்டவாறு' என்கிற தொனி! சுற்றறிக்கையில் இருந்ததை எல்லாம் டீச்சர் பத்து நிமிஷத்தில் வேகமாக வாசித்து முடித்தார். தலைகள் ஆடின. சுற்றறிக்கையில் இல்லாத சாவிக்குத்தான் முக்கால் மணி நேரம் ஆனது.

தறி என்றதும் ஒன்று. கோர்வைப் பட்டுச் சேலைக்குத் தறியில் ஒருவர் போதாது. மூன்று நாடா ஓட வேண்டும், கரைப் பக்கத்து நாடாவை வாங்கிப் போட நெசவாளிக்குப் பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள். பல காலம் அந்தத் துணை இடத்தில் உட்கார்ந்தது ஒரு சிறுவனோ சிறுமியோதான். பள்ளிக்குப் போக வேண்டிய வயசு. இந்த மாவட்டத்தில் அந்தப் பிள்ளைகளைத் தறிக் குழியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பப் பல வருஷம் பிடித்தது. அதிகாரி மட்டும் ரெய்டு போனால் பின்வாசல் வழியாகப் பிள்ளை ஓடிவிடும். கடன் வாங்கிய குடும்பம், முதலாளி, சங்கம், ஆசிரியர் எல்லாரும் ஒரு பக்கம் நின்றால்தான் நடக்கும். குழுவில் இருக்கிற பாட்டி வயது உறுப்பினர் ஒருவர் அப்படித் துணைக்கு உட்கார்ந்து வளர்ந்தவர். பேத்திக்காக வந்திருக்கிறார். வராத பிள்ளைகள் பட்டியலை டீச்சர் வாசித்தபோது, "அந்த மூணாவது பேரு எங்க தெரு. நான் போய்ப் பாத்துட்டு வரேன், நீங்க வேணாம், நீங்க வந்தா பயந்துடுவாங்க" என்றார். பட்டியலில் அந்தப் பெயருக்கு நேராகப் பாட்டியின் பெயரை டீச்சர் எழுதிக்கொண்டார்.

மணி நாலரை. டீ ஆறிவிட்டது. பெற்றோர் செயலியில் கூட்டத்தின் படத்தை ஏற்ற வேண்டும், சிக்னல் இல்லை. முன்னாள் மாணவர் உறுப்பினர், கம்பெனி டி-ஷர்ட்டோடு வந்த தம்பி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கும் வகுப்புக்கும் நடக்கிறார். உள்ளே கடைசிப் பொருள், ஆண்டு விழா மைக் செட். போன வருஷம் வாடகைக்கு எடுத்ததில் பாதிப் பாட்டில் கரகரவென்று நின்றுபோனதாம்.

"மைக் செட் யார் பொறுப்பு?"

பெரிய டீச்சர் வாய் திறக்கவில்லை. நோட்டையும் பேனாவையும் தலைவி பக்கம் நகர்த்தினார். தலைவி சுற்றிப் பார்த்தார், ஜன்னல் வழியாக மரத்தடித் தம்பியைப் பார்த்தார், கேட்காமலே பெயரை எழுதினார். சிக்னல் கிடைத்த சந்தோஷத்தில் உள்ளே வந்த தம்பிக்கு இன்னும் விஷயம் தெரியாது!